எந்தையார் எழுத்தும் டெபியனும்

கோடை விடுமுறையில் அடி அண்ணாமலையிலுள்ள எம் இல்லம் ஏகியபோது, யாம் கருதிச் சென்ற வேலை ஒன்றே. எம் தமக்கையார்க்கு 2012 ஆம் ஆண்டில் அரசு விலையின்றி வழங்கிய மடிக்கணினியை மீண்டும் எழுப்புதல் வேண்டும். அதிலிருந்த விண்டோஸ் 7 க்கு 2020 ஜனவரியோடு பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோயின. புதிய விண்டோஸைத் தாங்க அதன் 2 ஜிபி நினைவகம் போதாது. புதுக்கணினி வாங்கப் பொருளும் இல்லை. ஆயின், உபதேசியாராயிருந்து காலஞ்சென்ற எந்தையார் தட்டச்சிட்டு வைத்த பிரசங்கக் குறிப்புகள் நூற்றுக்குமேல் அதனுள்ளேதான் இருந்தன.

லினக்ஸ் என்றவுடன், எந்த லினக்ஸ் என வினவுவர் அறிந்தோர். இவ்வினாவிற் பலநாள் மயங்கினோம். அக்கணினியிலேயே விண்டோஸுக்கு அருகில் பாஸ் லினக்ஸும் இருந்தது. வீட்டில் ஒருவரும் திறந்ததில்லை. சி-டாக் நிறுவனத்தார் ஆக்கிய அது டெபியனை அடியாகக் கொண்டது. உபுண்டுவும் அத்தகையதே. ஆகவே வேரையே நாடுவோமெனத் துணிந்தோம். டெபியன், இயான் மர்டாக் என்னும் மாணவர் 1993 இல் தொடங்கியது. அதற்கு முதலாளி இல்லை. பல நாட்டுத் தன்னார்வலர் ஆண்டுதோறும் தலைவரைத் தேர்ந்து, பெரிய ஐயங்களை வாக்களித்துத் தீர்க்கின்றனர். வைஃபை முதலிய கருவிகளுக்குரிய மூடிய நிரல்களை நிறுவும் தொகுப்பிலேயே சேர்க்கலாமென்று 2022 இல் அங்ஙனம் முடிவு செய்தனர். அதன் பயன் எம் வீட்டுத் திண்ணைவரை வந்தது. பதிப்புகளுக்கு டாய் ஸ்டோரி என்னும் கேலிச்சித்திரப் படத்துப் பாத்திரங்களின் பெயரிடும் வழக்கம் மட்டும் எமக்குச் சிறுபிள்ளை விளையாட்டாகவே தோன்றிற்று.

வன்தட்டைப் பிரிக்கும் திரையில், வட்டு முழுவதையும் பயன்படுத்தும் வழி எளிதாய் முன்னின்றது. எம் விரல் விசைமேல் இருக்கையில் தமக்கையார், "தம்பி, அப்பாவுடைய கோப்பெல்லாம் எங்கே வைத்தாய்?" என்றார். பென் டிரைவைப் பார்த்தோம். யாம் நகலெடுத்திருந்தது ஒரே கோப்புறை! கை நடுங்கக் கணினியை அணைத்தோம். யாவற்றையும் இருமுறை நகலெடுத்த பின்னரே மீண்டும் தொடங்கினோம். அன்று பௌர்ணமி. கிரிவலப் பாதையில் மாந்தர் வெள்ளம் பெருக, கைப்பேசி இணைப்புத் திணறிப் பாதியில் நின்றது; விடியற்காலை நான்கு மணிக்கே நகர்ந்தது.

எக்ஸ்எஃப்சிஈ என்னும் எளிய திரைமுகப்பு, லோகித் தமிழ் எழுத்துரு, ஐபஸ் வழியே தமிழ்99 விசைப்பலகை ஆகியன ஒரு பகலில் அமைந்தன. பின்னர் எந்தையாரின் முதற்கோப்பைத் திறந்தோம். ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாய் ஏதோ குப்பை கிடந்தது. தமக்கையார் எழுந்து உள்ளே போய்விட்டார்.

அவர் எழுதியது பாமினி எழுத்துருவில். அவ்வெழுத்துரு இல்லாவிடத்து அது தமிழாய்த் தோன்றாது. எழுத்துருவை நிறுவினாற் படிக்கலாம், தேட இயலாது. ஓப்பன் தமிழ் என்னும் திறந்த நிரல்தொகுப்பில், பாமினியை யூனிகோடாக மாற்றும் அட்டவணை உண்டெனக் கண்டு, அதனை இயக்கினோம். வரிகள் தமிழாயின. தமக்கையாரை அழைத்தோம்.

சில சொற்களில் கொம்பு இடம்மாறிக் கிடக்கிறது. தமக்கையார் உரக்கப் படிக்க, யாம் திருத்துகிறோம். இதுவரை பதினேழு குறிப்புகள் முடிந்தன. பதினெட்டாவதன் இறுதியில் எம் பள்ளிக் கட்டணக் கணக்கை எந்தையார் எழுதியிருக்கிறார். கூட்டலில் ஐம்பது ரூபாய் தவறு. அதனை அப்படியே விட்டோம்.