ஒரே பெட்டிக்குள் ஓடும் விளையாட்டு

ஒரு கேம் 3 மில்லியன் பிரதிகள் விற்றால் அது வெற்றியா, தோல்வியா? சில நூறு பிரதிகள் அச்சடித்து, அதிலும் பாதியை நண்பர்களுக்குச் சும்மா கொடுக்கும் நமக்கு இந்தக் கேள்வியே கொஞ்சம் கொழுப்பாகத் தெரியலாம். 2023 ஜூனில் வந்த ‘ஃபைனல் ஃபேன்டசி 16’ ஒரே வாரத்தில் அந்த எண்ணைத் தொட்டது. அப்போது பிளேஸ்டேஷன் 5-இல் மட்டும்தான் அதை விளையாட முடியும். உலகம் முழுக்க விற்றிருந்த பெட்டிகளே 40 மில்லியன் அளவுதான். இருந்தும் மறு ஆண்டு ஸ்கொயர் எனிக்ஸ், பெரிய கேம்கள் எதிர்பார்த்த லாபம் தரவில்லை, இனி எல்லா கன்சோல்களுக்கும் செய்கிறோம் என்றது.

கணினியில் மட்டும் விளையாடும் என் நண்பனுக்கு இதில் ஏக சந்தோஷம். “எக்ஸ்குளூசிவ்னா சும்மா பில்டப் லா. ஒரு கேமுக்காகப் பெட்டி வாங்குறவன் நீ ஒருத்தன்தான்” என்பான். நான் வாங்கினேன்தான், ‘தி லாஸ்ட் கார்டியன்’ என்ற ஒரே கேமுக்காக. அதற்குப் பிறகு வருகிறேன்.

அவன் கணக்கில் ஓர் ஓட்டை இருக்கிறது. ‘மாரியோ கார்ட் 8’ 2014-இல் வீ யூ பெட்டிக்கு வந்தது. மொத்தம் விற்ற வீ யூ சுமார் 13.5 மில்லியன், கேம் விற்றது 8.4 மில்லியன். பத்தில் ஆறு வீட்டில் இருந்திருக்கிறது! ஆனாலும் எண்ணை மட்டும் பார்த்தால் சுமார்தான். அதையே கொஞ்சம் மெருகேற்றி 2017-இல் ஸ்விட்சுக்குக் கொண்டுவந்தார்கள். 60 மில்லியனைத் தாண்டிவிட்டது. ஓட்டப்பந்தயம் அதேதான், மைதானம்தான் சின்னதாக இருந்தது.

தவிர, பெட்டிக்காரனுக்கு அந்த கேம் தூண்டில் புழு. பெட்டியை வாங்கியவன் அதன் கடையில் பிறர் செய்த எதை வாங்கினாலும் அவனுக்கு ஒரு பங்கு போகும். புழுவில் லாபம் வந்ததா என்று மீன்பிடிப்பவன் பார்ப்பதில்லை. சிக்கல், புழு மீனைவிட விலை ஏறியபோது வந்தது. கசிந்த ஆவணங்களின்படி ‘ஸ்பைடர்மேன் 2’-க்கு ஆன செலவு சுமார் 300 மில்லியன் அமெரிக்க டாலர், முதல் பாகத்தைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு. 11 மில்லியன் பிரதிகள் விற்ற கேம் அது. நான் இரண்டையும் விளையாடினேன். மூன்று மடங்கு எங்கே போனதென்று தெரியவில்லை, ஜன்னல் கண்ணாடியில் தெரியும் பிம்பத்தைத் தவிர.

ஆக, கதவுகள் திறக்கின்றன. 2025-இல் மைக்ரோசாஃப்டின் ‘ஃபோர்சா ஹொரைசன் 5’, ‘கியர்ஸ் ஆஃப் வார்’ எல்லாம் பிளேஸ்டேஷனுக்கே வந்துவிட்டன. நல்லதுதான், இரண்டு பெட்டி வாங்க யாரிடம் காசு இருக்கு?

எனக்கு உறுத்துவது வேறு. ‘தி லாஸ்ட் கார்டியன்’ 2009-இல் அறிவிக்கப்பட்டது, 2016 டிசம்பரில்தான் கைக்கு வந்தது. அதில் டிரிகோ என்ற பெரிய விலங்கு நாம் சொன்னதைச் சட்டென்று கேட்காது. கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும், காதைச் சொறியும், பிறகு மனமிருந்தால் வரும். நிறையப் பேர் எரிச்சலானார்கள். எனக்கு அந்தக் காத்திருப்புதான் கேமே. பிரதிக் கணக்கு பார்க்கிற எந்த மேசையிலும் இது ஏழு வருடம் பிழைத்திருக்காது. ‘எங்கள் பெட்டியில் மட்டும்தான் இது இருக்கிறது’ என்ற வீம்புதான் அதைக் காப்பாற்றியது என்று நினைக்கிறேன்.

அதைச் செய்த ஜப்பான் ஸ்டூடியோவை சோனி 2021-இல் கலைத்தது. மிஞ்சிய டீம் அசோபி, சுமார் 60 பேரோடு, மூன்று வருடத்தில் ‘ஆஸ்ட்ரோ பாட்’ செய்தது. 2024 செப்டம்பரில் வெளியாகி இரண்டே மாதத்தில் 1.5 மில்லியன். ஸ்பைடர்மேனுக்கு முன்னால் இது சில்லறை. அந்த வருடத்தின் சிறந்த கேம் விருது அதற்குத்தான் போனது. விளையாடும்போது ஓரிடத்தில் டிரிகோ தலைகாட்டும். நான் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன்.