செம்புக் குழாய்

வேப்பம்பட்டில் என் பழைய அம்பாசிடரின் அடியில் ஒரு நாள் ஈரம் கண்டேன். பிரேக் ஆயில்! எஃகுக் குழாய் துருவேறிக் கசிந்திருந்தது. அவ்வண்டியில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே இணைப்பு; ஓரிடம் பழுதுற்றால் நான்கும் போயிற்று. முந்திய நாள்தான் மறைக்கல்விப் பிள்ளைகளை ஏற்றிச் சென்றிருந்தேன்.

சிக்கனங்கருதி, குளிர்பதனப் பெட்டிக்குரிய செம்புக் குழாயை நானே வளைத்தேன். எளிதில் வளைந்தது, பெருமைப்பட்டேன். ஆவடிக் கனரக வாகனத் தொழிற்சாலையில் ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் தடுத்தார்: "செம்பு வேண்டாம் சாமி! அதிர்வுல இறுகி விரிசல் விட்டுடும்."

பழைய குழாயை மாதிரியாக வைத்து, புதிய எஃகுக் குழாயைச் சிறு கப்பியின்மீது மெல்ல வளைத்தார். நசுங்கிய துண்டை வீசியெறிந்தார். திருகாணியைக் கோத்த பின்னரே முனையை இரட்டையாய் மடித்து விரிக்கவேண்டும். நானோ கோக்க மறந்து ஒரு முனையைப் பாழாக்கினேன்.

காற்று முழுதும் வெளியேறியதும் மிதி உறுதியாய் நின்றது. ஆயினும், பிள்ளைகளை ஏற்றுமுன் கோயில் வளாகத்தைத் தனியே பத்து முறை சுற்றிவந்தேன்.