கூடாரத்துச் சொந்தங்கள்

மங்களூர் மெயிலில் மாஹி தாண்டியதும் தலச்சேரி. நண்பனின் பெரியம்மாவுக்குக் காரியம். கூப்பிடும்போதே சொல்லியிருந்தான்: "அழுற வீடுன்னு நெனச்சு வராதே. பாதிப் பேர் சர்க்கஸ்காரங்க."

ஆட்டோ சிறக்கரை வழியாகப் போனது. கீலேரி குஞ்ஞிக்கண்ணன் 1901-இல் சர்க்கஸ் பள்ளி தொடங்கிய இடம். களரியும் ஜிம்னாஸ்டிக்ஸும் கற்றுக்கொடுத்த மனிதர். அவருடைய சீடர் பரியாலி கண்ணன் 1904-இல் மலபார் கிராண்ட் சர்க்கஸை ஆரம்பித்தார். பிறகு இந்தியாவில் எங்கே கூடாரம் அடித்தாலும் உள்ளே ஒரு தலச்சேரிக்காரர் இருந்தார். ஜெமினி சங்கரனும் பக்கத்துக் கொளச்சேரிதான். 1951-இல் நொடித்துப்போன ஒரு கம்பெனியைக் கூட்டாளியோடு வாங்கித் தன் ராசியின் பெயரை அதற்கு வைத்தார். 'அபூர்வ சகோதரர்கள்' படத்தில் கமல் அப்புவாக வலம்வந்தது அந்த ஜெமினி சர்க்கஸில். சங்கரன் 2023-இல் கண்ணூரில் காலமானார்.

பெரியம்மாவுக்கு அப்படிப் பேரும் புகழும் இல்லை. எட்டு வயதில் கூடாரத்துக்குள் போனவர். வீட்டில் சோறு போதவில்லை, அவ்வளவுதான் காரணம். மதியம், சாயங்காலம், ராத்திரி என்று தினமும் மூன்று ஷோ. உயரத்தில் பார் விளையாட்டு. அவர் அனுப்பிய மணியார்டரில்தான் நாங்கள் உட்கார்ந்திருந்த வீடு எழும்பியது. தங்கைகளுக்குக் கல்யாணம் நடந்தது. ஆனால் பெண் பார்க்க வந்தவர்களிடம் "மூத்தவள் பம்பாயில் டீச்சர்" என்றுதான் சொல்வார்களாம். நண்பனின் மாமா இதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பந்தலுக்குள் சொந்தக்காரர்கள். வெளியே பலா மரத்தடியில் கூடாரத்துக்காரர்கள், மலையாளமும் இந்தியும் கலந்த ஒரு பாஷையில் ஓயாமல் பேசிக்கொண்டு. உயரம் குறைந்த ஒரு பழைய ஜோக்கர் குழந்தைகளின் காதிலிருந்து நாணயம் எடுத்துக் காட்டினார். எண்பதைத் தொடும் இன்னொருவர் என்னிடம் தமிழில், "மெட்ராஸா தம்பி? நமக்குத் தஞ்சாவூர்ப் பக்கம்" என்றார். பெரியம்மாவுக்குக் கேட்சராக இருந்தவர். எல்லாரையும்போல அவரும் 'ஏச்சி', அதாவது அக்கா, என்றுதான் சொன்னார்.

"ஏச்சி முகத்தை நான் தலைகீழாப் பாத்ததுதான் அதிகம்" என்று ஆரம்பித்தார். முழங்காலை மடக்கிப் பாரில் தொங்குகிறவர் அல்லவா! என் கையை இழுத்து விளக்கினார். உள்ளங்கையைப் பிடித்தால் வியர்வையில் வழுக்கும். ஒருவர் மணிக்கட்டை மற்றவர் பிடிக்க வேண்டும். பறந்து வருகிறவர் எட்டிப் பிடிக்கப் பார்க்கக் கூடாது. கையை நீட்டி வைத்தால் போதும், பிடிப்பது கேட்சர் வேலை. தவறினால் முதுகு கொடுத்து வலையில் விழ வேண்டும். காலை ஊன்றினால் எலும்பு போச்சு. "ஏச்சி ஒரு தடவகூட அவசரப்பட்டு எட்டினதில்ல தம்பி. நான் பிடிச்சிருவேன்னு அப்படி ஒரு நம்பிக்கை." எண்பதை நெருங்கியும் என் மணிக்கட்டில் அவர் பிடி வலித்தது.

தகராறு வந்தது போட்டோவால். நிலவிளக்குக்குப் பக்கத்தில் குடும்பத்தார் வைத்திருந்தது, கசவுப் புடவையில் நரைத்த தலையோடு ஒரு பாட்டி. கூடாரத்துக்காரர்கள் ஒரு படம் கொண்டுவந்திருந்தார்கள்: ஜிகினா உடுப்பில், மேடை விளிம்பில், ஒரு கையில் பாரும் மறு கை வானத்திலுமாக இருபது வயதுப் பெண். "தொடை தெரிய ஒரு படத்தை விளக்குப் பக்கத்தில் வைப்பதா?" என்று சின்னம்மா ஒருத்தி எழுந்தாள். அவள் கல்யாணச் செலவு யார் பணம் என்று ஜோக்கர் கேட்டுவிட்டார். சட்டென்று பந்தலில் பேச்சு அடங்கியது. கடைசியில் நண்பனின் மகள், பத்தாவது படிப்பவள், படத்தை வாங்கி விளக்கின் மறுபக்கம் வைத்தாள். சின்னம்மா போய் உற்றுப் பார்த்தாள். அந்த வயதில் அக்காவை அவள் கண்டதே இல்லையாம்.

இலை போட்டதும் இரண்டு கூட்டமும் கலந்துதான் உட்கார்ந்தது. நண்பனின் மகள் கேட்சரிடம், தானும் பார் கற்றுக்கொள்ளலாமா என்று கேட்டாள். ஆனால் இந்த ஊரில் அரசு தொடங்கிய சர்க்கஸ் அகாடமியும் மூடிக் கிடக்கிறது. குழந்தைகளைச் சர்க்கஸில் சேர்க்கக் கூடாது என்று 2011-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு புது ஆட்கள் வருவதும் அருகிவிட்டது. அந்தத் தீர்ப்பு சரிதான் என்றேன். கேட்சர் கோபிப்பார் என்று எதிர்பார்த்தேன். "சரிதான். என் பேத்தியை நான் விடமாட்டேன். ஆனா ஏச்சி ஆடுனதை நீங்க பாத்திருக்கணும்" என்றார், பாயசத்தை இலையில் வழித்துக்கொண்டே.

சாயங்கால வண்டிக்குக் கூடாரத்துக்காரர்கள் கிளம்பும்போது சின்னம்மா படிவரை வந்தாள். "வருஷத் திதிக்கு எல்லாரும் வரணும்."

"அந்தப் படம் அங்கேயே இருந்தா வர்றோம்" என்றார் ஜோக்கர்.