கக்கேத்தியின் மண் சாடிகள்

திருப்பலிக் கிண்ணத்தில் வார்க்கப்படும் திராட்சை இரசம் கலப்பற்றதாக இருத்தல் வேண்டும். திராட்சைக் கனியிலிருந்தே உண்டானதாகவும், கெட்டுப்போகாததாகவும் இருத்தல் வேண்டும். இது திருச்சபையின் சட்டம். ஆயினும் அவ்விரசம் எந்த மண்ணில் விளைந்தது, எவர் கையால் பிழியப்பட்டது, எத்தனை மாதம் இருளில் காத்திருந்தது என்று எண்ணிப் பார்ப்பவர் நம்மில் மிகச் சிலரே. புட்டியில் முத்திரையிடப்பட்டு வருகிறது, வாங்கி வைக்கிறோம். அதனை ஆக்குவோரின் இல்லத்திற்கே சென்று காணும் வாய்ப்பு அண்மையில் நமக்குக் கிட்டியது. ஜார்ஜியா நாட்டில், கக்கேத்தி என்னும் மாநிலத்தில், ஒரே குடும்பத்தார் நடத்தும் சிறியதோர் இரசச் சாலையைக் கண்டு வந்தோம். கண்டதையும் கேட்டதையும் சுவைத்ததையும் வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளிலும் ஜார்ஜியா என்றொரு மாநிலம் உண்டு. அதனோடு இதனைக் குழப்பிக்கொள்ளலாகாது. நாம் குறிப்பிடும் ஜார்ஜியா, கருங்கடலின் கிழக்குக் கரையில், காகசஸ் மலைத்தொடரின் தென்சரிவில் அமைந்த சிறிய நாடு. சோவியத் ஒன்றியத்தினின்று 1991ஆம் ஆண்டில் விடுதலை பெற்றது. அதன் தலைநகர் திபிலீசி.

எண்ணாயிரம் ஆண்டுப் பழமை

திபிலீசிக்குத் தெற்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில் கடாச்ரிலி கோரா, ஷுலாவெரி கோரா என்னும் இரு பழைய ஊர்மேடுகள் உள்ளன. அங்கே அகழ்ந்தெடுத்த மட்கலச் சில்லுகளை ஆராய்ந்த அறிஞர்கள், அவற்றில் டார்டாரிக் அமிலம் ஊறியிருந்த சுவட்டைக் கண்டு 2017ஆம் ஆண்டில் வெளியிட்டனர். நம் வீட்டுப் புளியில் இருக்கும் அதே அமிலந்தான். புளி விளையாத அந்நாட்டில் அது திராட்சையைச் சுட்டும் அடையாளம். அச்சில்லுகளின் காலம் கி.மு. 6000 முதல் 5800 வரை. திராட்சை இரசம் ஆக்கப்பட்டதற்கு இதுவரை கிடைத்துள்ள மிகப் பழைய சான்றுகளில் இது முதன்மையானது.

கிறிஸ்தவ நெறி அந்நாட்டில் வேரூன்றியது 4ஆம் நூற்றாண்டில். கப்பதோக்கியாவிலிருந்து வந்த புனித நினோ என்னும் பெண்மணி திராட்சைக் கொம்புகள் இரண்டைத் தம் தலைமயிரால் கட்டிச் சிலுவையாக்கி, அதனை ஏந்தி நற்செய்தி அறிவித்தார் என்பது அம்மக்களின் மரபு. இளங்கொம்பு ஆதலால் அச்சிலுவையின் கைகள் சற்றே கீழ்நோக்கித் தாழ்ந்திருக்கும். திபிலீசியின் சியோனி பேராலயத்தில் அதனைப் போற்றிக் காத்து வருகின்றனர். நம் கத்தோலிக்கத் திருச்சபையோடு முழு ஒன்றிப்பில் இல்லாத ஆர்த்தடாக்ஸ் மக்களேயாயினும், அச்சிலுவை முன் மண்டியிடும்போது வேற்றுமை எதுவும் நமக்குத் தோன்றவில்லை.

மலையைக் கடந்து

மே மாதத் தொடக்கத்தில் திபிலீசியிலிருந்து கிழக்கு நோக்கிப் புறப்பட்டோம். கோம்போரி கணவாய் வழியே கார் வளைந்து வளைந்து ஏறியது. கணவாயைக் கடந்து இறங்கியதும் அலசானி ஆற்றின் பள்ளத்தாக்கு கண்முன் விரிந்தது. கீழே பசும் பாய் விரித்தாற்போலத் திராட்சைத் தோட்டங்கள்; அவற்றிற்கு அப்பால், பனி உருகாத காகசஸ் சிகரங்கள். கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர்த் திராட்சையைப் பந்தலில் படரவிட்டு, தலைக்குமேல் குலைகள் தொங்கக் காண்பது நமக்குப் பழக்கம். இங்கோ கொடிகளை இடுப்பளவில் கத்தரித்து, கம்பி வரிசைகளில் கட்டி நிறுத்தியிருந்தனர்.

வழியில் அலவெர்தி பேராலயம். 11ஆம் நூற்றாண்டில் எழுந்த அக்கற்கோயில், சமவெளியின் நடுவே தன்னந்தனியே உயர்ந்து நிற்கிறது. அதனையொட்டிய மடத்தில் துறவியர் இன்றும் தங்கள் நிலவறையில் திராட்சை இரசம் ஆக்குகின்றனர். செபமும் உழைப்பும் பிரியாத பழைய துறவற நெறியை அங்கே கண்டோம்.

சாடி வீடு

நாம் சென்ற இரசச் சாலைக்குப் பெயர்ப்பலகைகூட இல்லை. சிற்றூர்த் தெரு ஒன்றில் இரும்புக் கதவு, உள்ளே வீடு, வீட்டின் பின்னால் ஐந்து ஏக்கர் தோட்டம். அறுபது வயது மதிக்கத்தக்க வீட்டுத் தலைவர் வாசலுக்கே வந்து, "மாமாவோ" என்று அழைத்து நம் கைகளைப் பற்றிக்கொண்டார். நாம் திகைத்ததைக் கண்டு, வழிகாட்டியாக வந்த இளைஞர் சிரித்தவாறே விளக்கினார்: ஜார்ஜிய மொழியில் 'மாமா' என்றால் தந்தை, குருக்களை அவ்வாறு விளிப்பது அந்நாட்டு மரியாதை. கடல் கடந்து சென்று ஒரு மாமனாகவும் ஆனோம்!

இரசம் ஆக்கும் அறைக்கு அவர்கள் 'மரானி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். உள்ளே நுழைந்தால் பீப்பாயும் இல்லை, இயந்திரமும் இல்லை. மண் தரையில் ஒன்பது வட்ட வாய்கள் மட்டுமே தெரிந்தன. ஒவ்வொரு வாயின் கீழும் ஆளுயரத்திற்கு மேற்பட்ட சாடி கழுத்தளவு புதைந்திருக்கிறது. 'குவெவ்ரி' என்பது அதன் பெயர். முட்டை வடிவம், கூரிய அடி, உட்புறம் தேன்மெழுகு பூசியது. இச்சாடியில் இரசம் ஆக்கும் முறையை யுனெஸ்கோ நிறுவனம் 2013ஆம் ஆண்டில் மானுடத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகப் பதிவு செய்தது.

பார்த்தவுடன் நம் நினைவு ஆதிச்சநல்லூருக்குச் சென்றது. நம் முன்னோர் இறந்தோரை இட்டுப் புதைத்த தாழியும் ஏறக்குறைய இதே உருவந்தானே! அங்கே தாழி ஒரு வாழ்வின் முடிவைக் காத்தது. இங்கே சாடி ஒன்றின் தொடக்கத்தைக் காக்கிறது.

இருளில் ஆறு மாதம்

செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் அறுவடை. குலைகளை மரத்தொட்டியில் இட்டு மிதித்துப் பிழிகின்றனர். பிற நாடுகளில் வெண்திராட்சையைப் பிழிந்ததும் தோலையும் விதையையும் நீக்கிவிட்டுச் சாற்றை மட்டும் எடுப்பது வழக்கம். கக்கேத்தியிலோ தோல், விதை, காம்பு யாவற்றையும் சாற்றோடு சேர்த்தே சாடிக்குள் இடுகின்றனர். தோலில் ஒட்டியுள்ள நுண்ணுயிரே சாற்றை நொதிக்கச் செய்கிறது. வெளியிலிருந்து எதுவும் சேர்ப்பதில்லை. பொங்கும் நாள்களில் தோல்கள் மேலே மிதந்துவரும். நாள்தோறும் பலமுறை நீண்ட கோலால் அவற்றை உள்ளே அழுத்த வேண்டும். பொங்குதல் அடங்கியதும் சாடியின் வாயைக் கல்லால் மூடி, களிமண்ணால் அடைத்துவிடுகின்றனர். பூமியின் குளிர்ச்சி கோடையிலும் மாரியிலும் சாடியை ஒரே நிலையில் வைத்திருக்கும். விதைகள் கூரிய அடியில் போய்ப் படியும்; அவற்றின்மேல் வண்டல் படிந்து மூடும்; ஆகவே விதையின் கசப்பு இரசத்தில் ஏறுவதில்லை. வடிவமே வடிகட்டியாகிறது! இளவேனிலில், பாஸ்கு விழாவை ஒட்டிய நாள்களில், கல்லை அகற்றுகின்றனர். மூடிய கல்லும் இருளும் பாஸ்குவும் ஒருசேர நிற்கக் கண்டால், குருவானவர் ஒருவருக்கு என்ன நினைவு வரும் என்பதை அன்பர்களுக்குச் சொல்ல வேண்டுவதில்லை.

சாடியைக் கழுவுவதுதான் தலையாய வேலை என்றார் வீட்டுத் தலைவர். பெரிய சாடிக்குள் ஆளே இறங்கித் தேய்க்க வேண்டும். செரி மரப்பட்டையால் செய்த தேய்ப்பானை எடுத்துக் காட்டினார். "கடைசியாக ஊற்றும் நீரை நான் கூசாமல் குடிக்க முடிந்தால்தான் சாடி சுத்தம்" என்பது அவர் வைத்திருக்கும் அளவுகோல்.

சுவைத்தது

நம் முன்னிலையில் ஒரு சாடியின் களிமண்ணைத் தட்டி உடைத்து, கல்லை நகர்த்தினார். நீண்ட காம்பில் பொருத்திய சுரைக்குடுக்கையை உள்ளே விட்டு முகந்தார். நம் நாட்டுப்புறத்துக் குடுக்கையை அங்கே கண்டதில் நமக்கு ஒரு மகிழ்ச்சி.

முதலில் வார்த்தது 'இர்கத்சித்தெலி' என்னும் வெண்திராட்சையின் இரசம். வெண்மை என்பது பெயரளவில்தான். தோலோடு ஆறு மாதம் கிடந்தமையால் நன்றாக வடித்த தேநீரின் நிறம் ஏறியிருந்தது. உலர்ந்த பழமும் தேனும் கலந்த மணம். நாவிலோ இனிப்பு இல்லை, கடுந்தேநீரின் துவர்ப்பு. அடுத்தது 'கிசி', அதில் பழுத்த பேரிக்காயின் மணம் முந்தி வந்தது. மூன்றாவது 'சாபெராவி'. இப்பெயருக்குச் சாயம் தருவது என்பது பொருள். பெரும்பாலான கருந்திராட்சைகளுக்குத் தோல் மட்டுமே நிறம். இதற்குச் சதையும் சிவப்பு. நாவற்பழம் தின்ற சிறுவனைப் போல நம் நாவும் கருத்துப்போயிற்று.

சுவைப்பதற்கும் ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் ஒளியில் பிடித்து நிறம் காண வேண்டும். பின் கிண்ணத்தைச் சுழற்றி முகர வேண்டும். பின் ஒரு மிடறு வாயில் வைத்து, நாவெங்கும் பரவச் செய்து, உமிழவும் செய்யலாம். அதற்கென்று ஒரு மண் பானை வைத்திருந்தார்கள். ஒரு மிடற்றில் அறியக்கூடியதை ஒரு புட்டியில் அறிய முடியாது என்பதை அன்று கற்றோம்.

சிறியதே காத்தது

ஜார்ஜியாவில் ஐந்நூறுக்கு மேற்பட்ட திராட்சை இனங்கள் உண்டு. சோவியத் காலத்தில் நிலங்கள் பொதுவாக்கப்பட்டன. இரசம் பெருந்தொழிற்சாலைகளில் ஆக்கப்பட்டது. மிகுதியாக விளையும் சில இனங்களையே தொழிற்சாலைகள் விரும்பின. எஞ்சியவை தோட்டங்களிலிருந்து மறைந்தன. 1985ஆம் ஆண்டில் கோர்பச்சேவ் மதுவுக்கு எதிரான இயக்கத்தைத் தொடங்கியபோது, குடியைக் குறைக்கக் கொடிகளையே வெட்டி எறிந்தனர். "அன்று பொதுத் தோட்டத்தில் கோடரி விழுந்தது, எங்கள் கொல்லையில் விழவில்லை" என்றார் வீட்டுத் தலைவர். அவர் தந்தையார் கொல்லையில் காத்த சில கிசிக் கொடிகளின் வழித்தோன்றல்களே இன்று அத்தோட்டத்தில் நிற்பவை.

2006ஆம் ஆண்டில் மற்றோர் அடி. அந்நாட்டு இரசத்தின் பெரும்பகுதியை வாங்கிவந்த ரஷ்யா இறக்குமதியைத் தடைசெய்தது. தடை 2013ஆம் ஆண்டு வரை நீடித்தது. பலர் நொடித்தனர். ஆயினும் மலிவாக மிகுதியாக ஆக்குவதை விட்டு, வேறு நாடுகளை நாடி, தரத்தை நோக்கித் திரும்ப அத்தடையே காரணமாயிற்று. சாடியின் இரசத்தை உலகம் தேடி வந்தது. திபிலீசியில் வேலையிலிருந்த இவர் மகளும் ஊர் திரும்பித் தந்தையிடம் தொழில் பயில்கிறார். ஆனால் சாடி செய்வோர் அருகிவிட்டனர். வர்திசுபானி போன்ற சில ஊர்களில் விரல்விட்டு எண்ணத்தக்க குடும்பங்களே இக்கலையை அறிந்திருக்கின்றன. சாடி வனைவோர் இல்லையேல் எண்ணாயிரம் ஆண்டு மரபும் இல்லை.

மேசையின் ஒழுங்கு

மாலையில் விருந்து. மண் அடுப்பில் சுட்ட நீண்ட ரொட்டி, பாலாடைக்கட்டி, அக்ரூட்டுப் பருப்பை நூலில் கோத்துத் திராட்சைப் பாகில் தோய்த்த பண்டம். 'தமாதா' எனப்படும் விருந்துத் தலைவர் எழுந்து பேசாமல் எவரும் கிண்ணத்தைத் தொடுவதில்லை. கடவுளுக்கு ஒரு வாழ்த்து, சமாதானத்திற்கு ஒன்று, இறந்தோருக்கு ஒன்று, குழந்தைகளுக்கு ஒன்று. ஒவ்வொன்றும் சிறு மறையுரை போல நீள்கிறது. நம் கார் ஓட்டுநர் கிண்ணத்தின்மேல் கையை வைத்தார். எவரும் அவரை வற்புறுத்தவில்லை.

மதுவினால் சிதைந்த குடும்பங்களைப் பங்குப் பணியில் அன்றாடம் காண்பவர் நாம். கூலிப் பணத்தைக் கடையில் கொடுத்துவிட்டு வரும் தந்தையையும், பசித்திருக்கும் பிள்ளைகளையும் அறிவோம். ஆகவே மறைக்காமல் கேட்டோம்: இந்நாட்டில் குடித்துக் கெட்டவர் இல்லையா? வீட்டுத் தலைவர் சற்று நேரம் பேசவில்லை. பின்னர் சொன்னார்: "இல்லாமல் என்ன, மாமாவோ! என் சிற்றப்பா மகனை அப்படித்தான் அடக்கம் செய்தோம். அவன் இந்த மேசையில் கெடவில்லை. மேசையை விட்டு எழுந்துபோய்த் தனியே குடித்தான்; அன்றே அவனை இழந்தோம்."

இக்கட்டுரையைச் சான்று காட்டி எவரும் கடைக்குச் செல்ல வேண்டா. மேசையின் ஒழுங்கும் எல்லாரையும் காத்துவிடாது. ஒரு துளியையும் தாங்க இயலாதவர் உண்டு, அவர்களுக்கு ஒரு துளியும் வேண்டா. நாம் கண்டது குடியின் பெருமையை அன்று; அளவின் பெருமையை.

விடைபெறுமுன் மரானியின் மூலையில் தனியே இருந்த சிறு சாடியைக் காட்டினார். அதன் பெயர் 'செதாஷே'. ஒவ்வோர் ஆண்டும் நல்ல சாற்றில் ஒரு பங்கை அதில் இட்டு, கோயிலுக்கும் திருநாள்களுக்கும் என்று ஒதுக்கிவைப்பது பழைய வழக்கம். அயல்நாட்டு வணிகர் ஒருவர், ஒன்பது சாடிகளை ஐம்பதாக்கினால் முழுவதையும் தாமே வாங்கிக்கொள்வதாகவும், இச்சிறு சாடிக்கு இரட்டிப்பு விலை தருவதாகவும் சொன்னாராம். "ஐம்பது சாடிகளை என் கையால் கழுவ முடியாது, இதுவோ என்னுடையதே அன்று" என்று கூறி அனுப்பிவிட்டாராம் வீட்டுத் தலைவர்.

ஆண்டுக்கு ஆறாயிரம் புட்டிகளோடு நிறைவு காணும் அவ்வீட்டில், விலை பேச முடியாத சாடி ஒன்று மண்ணுக்குள் இருக்கிறது. நம் இல்லங்களிலும் அப்படி ஒன்று இருக்கிறதா என்பதை அன்பர்கள் தங்கள் குடும்பத்தாரோடு அமர்ந்து எண்ணிப் பார்ப்பார்களாக.