முற்றமுள்ள வீடு

டெங்கிலில் என் நண்பர் தம் இல்லத்தை விற்க முனைந்து ஈராண்டாகிறது. செட்டிநாட்டு முறையில், நடுவே வானம் பார்த்த முற்றத்துடன் அவர்தம் தந்தையார் எழுப்பிய வீடு. வருவோர் அண்ணாந்து பார்த்து, "மழை உள்ளே பெய்யுமே, கூரை போட என்ன செலவாகும்?" என்றே கேட்கின்றனர். வங்கிக் கடனுக்கு மதிப்பிடுபவரோ, அண்டையில் விற்ற ஒத்த வீடுகளைக் கொண்டே விலை காண்பவர். ஒப்பில்லாத வீடு அவர் கணக்கில் மதிப்பிழக்கிறது!

பேராக்கில், பத்து காஜாவை அடுத்து, நம்மவர் உழைப்பில் எழுந்த கெல்லி மாளிகை நினைவுக்கு வருகிறது. மின்தூக்கிக்கும் இடம் விட்டுக் கட்டிய கோபுரம் அதற்குண்டு. வில்லியம் கெல்லி சுமித் 1926-இல் லிஸ்பனில் மறைந்தபின், அவர் துணைவியார் அதை ஹாரிசன்ஸ் அண்டு கிராஸ்ஃபீல்டு நிறுவனத்துக்கு விற்றார். ரப்பர்த் தோட்டங்கள் நடத்திய நிறுவனத்துக்கு, நிறைவுறாத மாளிகையைக் கட்டி முடிப்பதில் என்ன அக்கறை? சுவர்களைக் காடு சூழ்ந்தது.

நண்பரிடமும் மனைக்காக மட்டும் ஒருவர் கேட்டு வந்திருக்கிறார், வீட்டை இடித்துவிடுவாராம். விலை என்னவோ நல்ல விலைதான். "மழை நாளில் வீட்டைக் காட்டுங்கள்" என்றேன். தாழ்வாரத்தில் அமர்ந்து முற்றத்தில் நீர் விழும் ஓசையைக் கேட்டவர் கூரையைப் பற்றிப் பேசமாட்டார். அக்டோபர் மழை வரும்வரை அந்த மனிதருக்கு விடை சொல்லாதிருக்க நண்பர் இசைந்திருக்கிறார்.