பெரியப்பா வீட்டுக்கு டிக்கெட் எவ்வளவு?

சேலத்திலிருந்து ஏற்காடு போகும் பஸ்ஸில் ஜன்னல் ஸீட் கிடைப்பது அதிர்ஷ்டம் என்று நினைப்பவர்கள் அந்த இருபது கொண்டை ஊசி வளைவுகளைப் பற்றிக் கேள்விப்படாதவர்கள். எட்டாவது வளைவு வரை இயற்கையை ரசித்தேன். ஒன்பதாவதிலிருந்து எலுமிச்சம்பழத்தை ரசித்தேன்.

இழுத்துக்கொண்டு வந்தவன் என் பக்கத்து ஸீட்டுக்காரன் (ஆபீஸில்). நாகலூரில் அவனுக்குப் பூர்வீக வீடு ஒன்று உண்டு. சுற்றிலும் கொஞ்சம் காபித் தோட்டம். பங்காளிகள் ஏழு பேர். ஆறு பேர் ரிஸார்ட் பார்ட்டிக்குக் குத்தகைக்கு விட்டுவிடலாம் என்கிறார்கள். ஏழாவது ஆசாமியான பெரியப்பா, ரிடையர்டு வாத்தியார், மியூசியம் வைக்கப் போகிறேன் என்று சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"நீதான் பழைய வீடுன்னா வாயைப் பொளந்துக்கிட்டு நிப்பியே மச்சி. ஒரு நடை வந்து பாத்துட்டு, 'இதெல்லாம் ஆவாதுங்க பெரியவரே'ன்னு சொல்லிடு. வெளியாள் சொன்னா கேப்பார்."

அதாவது நான் விருந்தாளி இல்லை. வாடகை நிபுணர்!

ஏற்காட்டில் நாகலூர் பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. படகுத்துறையில் ஜோடி ஜோடியாய்க் கூட்டம். நமக்கு அங்கே என்ன வேலை? ஹோலி டிரினிட்டி சர்ச் பக்கம் நடந்தோம். அந்தக் கல்லறைத் தோட்டத்தில் ராபர்ட் புரூஸ் ஃபுட் என்ற வெள்ளைக்காரரின் நினைவுக் கல் இருக்கிறது. 1863 மே மாதம் பல்லாவரத்தில் ஒரு கல்லைக் குனிந்து எடுத்து, 'இது சும்மா கல் இல்லை, ஆதி மனுஷன் செதுக்கிய ஆயுதம்' என்று சொன்னவர். இந்தியாவில் கற்கால மனிதன் இருந்தான் என்கிற சரித்திரமே அந்தக் குனிதலில்தான் தொடங்குகிறது. நாமும் பல்லாவரத்தில் தினமும் எலெக்ட்ரிக் டிரெயினுக்குக் குனிந்து நிமிர்ந்து ஓடுகிறோம், ஒன்றும் கிடைத்த பாடில்லை.

ரிடையரான பிறகு ஃபுட் வாழ்ந்தது இந்த மலையில். அவருடைய மாமனார் பீட்டர் பெர்சிவல் யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரை உதவிக்கு வைத்துக்கொண்டு பைபிளைத் தமிழில் பெயர்த்தவர். அவர் 1882-ல் காலமானதும் ஏற்காட்டில்தான். எப்பேர்ப்பட்ட மாமனார், எப்பேர்ப்பட்ட மாப்பிள்ளை! தென்னிந்தியா முழுக்க அலைந்து பொறுக்கிய கற்களையும் பானை ஓடுகளையும் ஃபுட் 1904-ல் சென்னை மியூசியத்துக்கு விற்றுவிட்டார். அங்கே பத்திரமாக இருக்கின்றன. அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால், அந்த மனுஷன் வாழ்ந்த மலையில் வளர்கிற பையன் அதைப் பார்க்கணும் என்றால் எழும்பூருக்கு டிக்கெட் எடுக்க வேண்டும்.

நாகலூர் போய்ச் சேர்ந்தபோது சாரல். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏறியிருக்கிறது. கீழே காபிச் செடிகளில் பழம் சிவந்து நிற்கிறது. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலைக்குக் காபியைக் கொண்டுவந்தார். துரைமார்களுக்குப் பின்னாலேயே நம்மவர்களும் தோட்டம் போட்டார்கள். என் நண்பனின் கொள்ளுத் தாத்தா அதில் ஒருவர்.

வீடு... முதல் பார்வையில் எனக்கும் 'ஆவாது' என்றுதான் தோன்றியது. சீமை ஓடு சரிந்து, ஒரு மூலையில் வானம் தெரிந்தது. ஆனால் சுவர் கல்லும் மண்ணுமாக முழங்கை அகலம். நீளமான வராந்தா. உள்ளே கணப்பு அடுப்பு. அதற்கு மேலே தாத்தா போட்டோ, போட்டோவுக்கு மேலே குளவிக் கூடு. பின்கட்டில் கையால் சுற்றுகிற காபி பல்பர், மரக்கால், எண்ணெய் வற்றிய ராந்தல்.

"வாங்க தம்பி. மெட்ராஸ்ல நாலு மியூசியம் பாத்திருப்பீங்க. சொல்லுங்க, டிக்கெட் எவ்வளவு வெக்கலாம்?" என்றார் பெரியப்பா, வரக் காபியை நீட்டிக்கொண்டே.

ஓடு ஒழுகுகிறது, மனுஷர் டிக்கெட் விலை கேட்கிறார்! நான் பேச்சை மாற்றப் பார்த்தேன். திருவல்லிக்கேணியில் பாரதியார் கடைசி நாட்களில் வாடகைக்கு இருந்த வீட்டை அரசாங்கம் வாங்கிப் புதுப்பித்து 1993-ல் நினைவு இல்லமாகத் திறந்ததைச் சொன்னேன். கும்பகோணத்தில் சாரங்கபாணி சந்நிதித் தெருவில் கணிதமேதை ராமானுஜன் வளர்ந்த வீட்டை சாஸ்திரா பல்கலைக்கழகம் 2003-ல் வாங்கிக் காப்பாற்றிய கதையையும் சொன்னேன். சின்ன ஓட்டு வீடு. தெருப் பக்கத்து ஜன்னலோரம் ஒரு கட்டில், திண்ணை, கொல்லையில் கிணறு, அவ்வளவுதான். லண்டன் ராயல் ஸொஸைட்டி வரை போன மூளை இந்த ஜன்னல் வழியாகத்தான் தெருவை வேடிக்கை பார்த்தது என்று நினைத்தால் உடம்பு சிலிர்க்கும்.

பெரியப்பா பொறுமையாகக் கேட்டார். "எங்க தாத்தா கவிதை எழுதலீங்க. கணக்கும் போடலை, கூலிக் கணக்கைத் தவிர. அவர் கட்டிலைப் பாக்க எவன் வருவான்?"

நண்பன் எனக்குக் கண்ணைக் காட்டினான். 'இப்பச் சொல்லுடா!'

என் நாக்கில் சனி. முட்டுக்காடு ஞாபகம் வந்து தொலைத்தது. சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் போனால் தட்சிணசித்ரா. 1984-ல் மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷனைத் தொடங்கிய டெபோரா தியாகராஜன் என்ற அம்மாளின் பன்னிரண்டு வருஷ உழைப்பு. 1996 டிசம்பரில் திறந்தார்கள். அந்த வீடுகள் பெரும்பாலும் இடிபடக் காத்திருந்தவை. ஊரில் விறகு விலைக்குப் போகவிருந்த தூணையும் கதவையும் நம்பர் போட்டுக் கழற்றி, லாரியில் ஏற்றி வந்து, திரும்பப் பூட்டினார்கள். செட்டிநாட்டு வணிகர் வீடு, கேரளத்துப் புதுப்பள்ளியிலிருந்து மர வீடு, நெசவாளி வீடு, குயவர் வீடு. அங்கே எந்த மகானும் பிறக்கவில்லை. சாதாரண ஜனங்கள் சமைத்தார்கள், சண்டை போட்டார்கள், தறி நெய்தார்கள். அதைத்தான் டிக்கெட் வாங்கிப் பார்க்கிறோம். ஆனால், பார்ப்பதோடு விட்டிருந்தால் அது வெறும் வீட்டுக் கண்காட்சி. பானை வனைகிறார்கள், பிள்ளைகள் களிமண்ணைப் பிசைந்து சட்டையெல்லாம் அப்பிக்கொள்கிறார்கள், கூத்து நடக்கிறது.

"அப்ப ஆவும்கறீங்க" என்றார் பெரியப்பா.

"ஆவும்... ஆனா டிக்கெட் கடைசி. மொதல்ல ஓடு" என்று உளறிவிட்டேன். நண்பன் முகத்தைப் பார்க்கவில்லை. தைரியம் இல்லை.

அப்புறம் வாயை மூட முடியவில்லை. வீட்டின் தெற்குச் சுவரை யாரோ ஒரு பங்காளி நல்லெண்ணத்தோடு சிமென்ட் பூசியிருந்தார். அந்தச் சுவர்தான் ரொம்ப மோசம்! பழைய சுவர் மண்ணிலிருந்தும் மழையிலிருந்தும் ஈரத்தைக் குடிக்கும். சுண்ணாம்புப் பூச்சு என்றால் வெயிலில் அதை வெளியே விட்டுவிடும். சிமென்ட் விடாது. உள்ளே மாட்டிய ஈரம் உப்பாகப் பூத்து, பூச்சையே தள்ளிக்கொண்டு வந்துவிடும். பனியும் சாரலும் உள்ள ஊரில் கேட்கவே வேண்டாம். நீர்த்த சுண்ணாம்பை மணலோடு நாள் கணக்கில் ஊறவைத்து, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்து அரைத்துப் பூசும் கொத்தனாரைத் தேடிப் பிடிக்க வேண்டும். முதலில் கூரை, அப்புறம் கரையான், பிறகு சுவர். பெயின்ட் அடிக்கும் ஆசையை அடக்கி வைக்க வேண்டும். இது ஒரு தடவைச் செலவும் இல்லை. வருஷா வருஷம் மழைக்கு முன்னால் ஓடு மாற்றணும். மியூசியம் திறந்து ரிப்பன் வெட்டுவது சுலபம். மூணாவது வருஷம் ஓடு மாற்ற ஆள் இருக்கணும்.

"காசு?" என்றான் நண்பன். நியாயமான கேள்வி. ஆறு பங்காளிகளில் இரண்டு பேர் வீட்டில் கல்யாணத்துக்குப் பெண் நிற்கிறது. ரிஸார்ட் அட்வான்ஸ் அவர்களுக்குக் கனவு இல்லை, அவசரம். பெரியப்பாவிடம் இதற்குப் பதில் இருக்கவில்லை. என்னிடம் மட்டும் எங்கே இருக்கிறது? காபியைக் குடித்தேன்.

மறுநாள் காலை ஒழுகுகிற மூலையைப் பார்க்க உள்ளூர்க்காரர் ஒருவர் வந்தார். மலையாளி இனத்தவர். (கேரளாக்காரர் இல்லை ஸார். சேர்வராயன் மலையின் ஆதிக்குடிகளுக்குப் பெயரே மலையாளி. காஞ்சிபுரத்திலிருந்து மலையேறியதாக அவர்கள் கதை சொல்கிறது.) ஓட்டைப் பிரிக்க ஏறியவர், பரணில் ஒரு தகரப் பெட்டியைக் கண்டு இறக்கினார். உள்ளே நீளநீளமாய் நோட்டுகள். செக்ரோல்! தோட்டத்தில் தினமும் வேலைக்கு வந்தவர்களின் ஆஜர்ப் பட்டியல். பேர், நாள், கூலி, பெருவிரல் ரேகை.

பெரியப்பா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வாசிக்க ஆரம்பித்தார். வாத்தியார் பழக்கம், அட்டெண்டன்ஸ் எடுப்பது போலவே வாசித்தார். ஆறாவதோ ஏழாவதோ பேர் வந்தபோது ஏணியில் நின்றவர், "இருங்க ஐயா" என்றார்.

இறங்கி வந்தார். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"அது எங்க ஆயாங்க."

அவருக்கு எழுத்து வாசிக்க வராது. எந்த வரி என்று பெரியப்பா காட்ட, அந்தப் பெயரைத் தொடாமல், பக்கத்தில் இருந்த மங்கிய மை ரேகை மேல் விரலை வைத்தார். ரொம்ப நேரம் எடுக்கவில்லை. அப்புறம் எத்தனை நாள் கூலி என்று கேட்டார். இருபத்திரண்டு நாள்.

"மீதி நாளு?"

"காய்ச்சல்னு போட்டிருக்கு" என்றார் பெரியப்பா.

நண்பன் மெல்ல வெளியே போனான். களத்தில் நின்று போனில் யாரிடமோ பேசினான். 'சித்தப்பா' என்பது மட்டும் காதில் விழுந்தது. திரும்பி வந்தவன் என்னிடம், "ரிஸார்ட்காரன்கிட்ட ஒரு மாசம் டைம் கேக்கச் சொல்லியிருக்கேன். அதுக்கு மேல முடியாது. சுண்ணாம்புக் கொத்தனார் உனக்கு யாரையாவது தெரியுமா?" என்றான்.

உள்ளே ஓட்டு வேலை நின்றுபோயிருந்தது. ஏணியை ஓரமாகச் சாய்த்துவிட்டு அவர் திண்ணையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார்.

"அடுத்த வருஷத்து நோட்டு இருக்குதுங்களா ஐயா?"

பெரியப்பா பெட்டிக்குள் கையை விட்டார்.