வாயில் மட்டும் நின்றது

தென்பெண்ணையாற்றின் கரையில் அமைந்த ஊர் மணலூர்பேட்டை. தைத் திங்கள் ஐந்தாம் நாளில் திருவண்ணாமலை அண்ணாமலையார் தீர்த்தவாரிக்காக அங்கு எழுந்தருள்வார். அன்று ஆற்றுமணல் தெரியாதவாறு மக்கள் திரள்வர். மறுநாள் காலடிச் சுவடுகளே எஞ்சியிருக்கும். அவ்வூரினராகிய முதியவர் ஒருவர், எண்பது வயதை நெருங்கிய காலத்தில், தம் பேத்தியுடன் சேலத்திற்குப் புறப்பட்டார். ஏற்காட்டுச் சாலையோரத்தில் நிற்கும் பழைய வளைவு ஒன்றைக் காண்பதே அவர் நோக்கம்.

அவ்வளைவு, மாடர்ன் தியேட்டர்ஸ் என்னும் படப்பிடிப்பு நிலையத்தின் நுழைவாயில். இங்கிலாந்தில் நெசவுத் தொழிற்கல்வி பயின்று மீண்ட டி. ஆர். சுந்தரம் 1935-ஆம் ஆண்டில் அந்நிலையத்தை நிறுவினார். படமெடுக்கும் அரங்குகளும், ஒலிப்பதிவுக் கூடமும், படச்சுருள்களைக் கழுவிப் பதப்படுத்தும் கூடமும் ஒரே வளாகத்தில் அமைந்திருந்தன. நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் அங்கிருந்து வெளிவந்தன. மலையாளத்தின் முதற் பேசும்படமாகிய ‘பாலன்’ (1938), தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமாகிய ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ (1956) ஆகிய இரண்டும் அந்நிலையத்தின் படைப்புகளே.

அவ்வண்ணப்படத்தை முதியவர் தம் சிறுவயதில் கீற்றுக் கொட்டகை ஒன்றிற் கண்டார். அழைத்துச் சென்றவர் அவருடைய தமக்கையார். மணலைக் குவித்து, அதன்மேல் அமர்ந்து இருவரும் பார்த்தனர். அதுவரை கறுப்பும் வெளுப்புமாகவே படங்களைக் கண்டிருந்த அவ்விருவரும், திரையில் ஆடைகள் பல நிறங்களில் ஒளிர்வதைக் கண்டு வியந்தனர்.

“அக்கா, நான் பெரியவனானதும் இப்படம் எடுத்த இடத்திற்கு உன்னை அழைத்துச் செல்வேன்” என்றான் சிறுவன்.

“மறந்துவிடாதே, தம்பி” என்றார் தமக்கையார்.

அவர் மறக்கவில்லை, ஆனால், தள்ளிப்போட்டார். உழவும் குடும்பமும் அவரைப் பிணித்தன. ஆண்டுதோறும் ஆற்றுத் திருவிழாவில் தமக்கையார் சிரித்துக்கொண்டே கேட்பார். “அடுத்த ஆண்டு” என்பார் இவர். ஓர் ஆண்டு, கேட்பதற்குத் தமக்கையார் இல்லை.

சேலத்தில் வளைவு நின்றது. அதன் முன்னே ஊர்திகள் விரைந்தன. பின்னே குடியிருப்புகள் எழுந்திருந்தன. அரங்குகள் இருந்த சுவடே இல்லை.

“தாத்தா, இவ்வளவுதானா? உள்ளே ஒன்றுமில்லையே!” என்றாள் பேத்தி.

முதியவர் வளைவின் தூணைத் தொட்டவாறு சிறிது நேரம் நின்றார். பின்னர், “இந்நிலையம் மறைந்ததற்கு நான் வருந்தவில்லை, அம்மா. அது தன் பணியை முடித்துவிட்டுச் சென்றது. நான்தான் என் பணியை முடிக்கவில்லை” என்றார்.

பேத்தி நெடுநேரம் பேசவில்லை. திரும்பும் வழியில், “தம்பியும் வரவேண்டுமென்று அழுதான், தாத்தா. அடுத்த முறை அவனையும் அழைத்து வருவோம்” என்றாள்.

“அடுத்த முறை என்னாதே, அம்மா, நாளைக் குறித்துச் சொல்” என்றார் முதியவர்.

ஞாயிற்றுக்கிழமை என்று அவள் குறித்தாள். அந்த ஞாயிறன்று மூவரும் அவ்வாயிலின் முன் நின்றனர்.